மான் வயிற்றுக்கும் மேசைக்கு அடியில் இருக்கும் குப்பைத் தொட்டிக்கும் என்ன சம்பந்தம்? - சென்னை ஐ.ஐ.டி வளாகத்தில் ஒரு சுற்று!

கிண்டியிலிருந்து அடையாறு செல்லும் சர்தார் பட்டேல் சாலையைத் தெரியாத சென்னைவாசி இருக்க முடியாது. காலையும் மாலையும் பஸ், ஆட்டோ, பைக் என ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகரும் சாலை அது. அந்த நெரிசலுக்கு ஒரு பக்கத்தில் ஐ.ஐ.டி மெட்ராஸின் பிரதான வாயில் இருக்கிறது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனாலே ஹாரன் சத்தம் தேய்ந்துவிடுகிறது. ஆலமரங்கள் விழுதுகளைத் தொங்கவிட்டு நிற்கின்றன. வெயில் நேரத்தில்கூட சாலையில் நிழல் விழுந்து கிடக்கிறது.

முதல்முறை வருபவர்கள் இங்கே செல்போனை எடுப்பது கட்டடங்களைப் படம் எடுக்க அல்ல. சாலையோரத்தில் சாவகாசமாக நின்று மேயும் புள்ளிமான்களை எடுக்கத்தான்!

உள்ளே பேராசிரியர்கள், ஊழியர்கள் குடியிருப்புகளுக்கு நடுவே இரண்டு சாலைகள் போகின்றன. ஒன்றின் பெயர் டெல்லி அவென்யூ. இன்னொன்று பான் அவென்யூ. பான் என்பது அன்றைய மேற்கு ஜெர்மனியின் தலைநகரம். அந்நாட்டின் உதவியோடு இந்தக் கல்வி நிறுவனத்தைத் தொடங்க 1959-ம் ஆண்டு அந்த ஊரில்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு ஜூலையில் ஐ.ஐ.டி மெட்ராஸ் தொடங்கிவைக்கப்பட்டது. இரண்டு சாலைகளும் போய்ச் சேரும் இடம், யானைச் சிலைகள் நிற்கும் கஜேந்திரா சர்க்கிள். அதற்குப் பக்கத்தில் நிர்வாகக் கட்டடம். அதைத் தாண்டினால் துறைகள், ஆய்வகங்கள், நூலகம். இன்னும் உள்ளே போனால் மாணவர் விடுதிகள். காவேரி, கிருஷ்ணா, நர்மதா, கோதாவரி என விடுதிகளுக்கெல்லாம் நதிகளின் பெயர்கள்தான்.

கிண்டி காட்டிலிருந்து பிரித்துக் கொடுத்த நிலத்தில் அமைந்த வளாகம் இது. பரப்பளவு சுமார் 250 ஹெக்டேர், அதாவது 600 ஏக்கருக்கும் மேல். பக்கத்திலேயே இருக்கும் கிண்டி தேசியப் பூங்கா சுமார் 270 ஹெக்டேர். காடும் கல்வி நிறுவனமும் ஏறத்தாழ ஒரே அளவு! நடுவில் சுவர் எழுப்பியதும் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த மான்கள் இங்கேயே தங்கிவிட்டன. புள்ளிமான்கள் ஏராளம். முறுக்கிய கொம்போடு நிற்கும் வெளிமான்களும் உண்டு. ஆங்கிலத்தில் 'பிளாக்பக்' என்பார்களே, அவைதான். கூடவே குரங்குகள், கீரிகள், பாம்புகள், ஏரிக்கரைப் பறவைகள்.

இப்படி ஒரு காட்டுக்குள் ஆயிரக்கணக்கான மாணவர்களும் ஊழியர்களும் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள். வங்கி, தபால் நிலையம், பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. சின்ன நகரம் என்றே சொல்லலாம். நகரம் என்றால் குப்பை இல்லாமலா?

ஒரு தொட்டிக்குள் ஒரு நாள்

பல்கலைக்கழகக் குப்பை என்றதும் விடுதியும் கேன்டீனும்தான் நினைவுக்கு வரும். ஆனால், ஒரு வளாகத்தில் பகல் முழுக்க இயங்குவது அலுவலகங்களும் ஆய்வகங்களும்தான். அங்கே ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் உட்கார்ந்திருக்கும் குட்டித் தொட்டியை யாரும் கவனிப்பதில்லை. எந்த ஊர்ப் பல்கலைக்கழக அலுவலகமாக இருந்தாலும் அந்தத் தொட்டியின் ஒரு நாள் ஏறத்தாழ இப்படித்தான் போகும்.

காலை பத்து மணி. முதலில் விழுவது தப்பாகப் பிரின்ட் ஆன இரண்டு ஏ4 தாள்கள். நல்ல வெள்ளைத் தாள். பழைய பேப்பர் கடையில் விலை போகும். கூடவே கூரியரில் வந்த கவர். அதன் மேல் கண்ணாடித் தாள் ஒட்டியிருக்கும்.

பதினொரு மணிக்கு டீ. பேப்பர் கப்பில் கடைசி மிடறு மிச்சம் இருக்கும்போதே தொட்டிக்குள் போகிறது. கீழே இருந்த வெள்ளைத் தாள் நனைகிறது.

ஒரு மணிக்குச் சாப்பாடு. டிபன் பாக்ஸ் கொண்டு வந்தவர்களால் பிரச்னை இல்லை. பார்சல் வாங்கியவரின் பையிலிருந்துதான் ஊர்வலம் கிளம்புகிறது. வாழை இலை, அதைச் சுற்றிய பேப்பர், சில்வர் ஃபாயில், சாம்பார் கட்டி வந்த பாக்கெட், அதில் சுற்றிய ரப்பர் பேண்ட், ஊறுகாய் பாக்கெட், பிளாஸ்டிக் ஸ்பூன், கொஞ்சம் மீந்த சோறு. எல்லாம் ஒரே முடிச்சாகக் கட்டப்பட்டு உள்ளே போகிறது.

மூன்று மணிக்கு பிரின்டரில் டோனர் தீர்கிறது. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரி தீர்ந்து நிற்கிறது. இரண்டும் தொட்டிக்கே. நாலு மணிக்கு யாருக்காவது பிறந்தநாள். கேக் வைத்திருந்த அட்டை, பிளாஸ்டிக் கத்தி, மெழுகுவத்தி, க்ரீம் துடைத்த டிஷ்யூ.

ஐந்தரை மணிக்கு அந்தத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் அது வெறும் குப்பை. காலை பத்து மணியிலிருந்து ஒவ்வொன்றாக உள்ளே போனபோது பார்த்திருந்தால், பாதிக்கு மேல் குப்பையே இல்லை!

நனைந்தால் போச்சு!

பிரிப்பது ஏன் முக்கியம் என்பதற்கு அந்த டீ கப்பே போதும்.

காகித மறுசுழற்சி என்பது பழைய தாளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, மையை நீக்கி, மறுபடி தாளாக வார்க்கும் வேலை. நம் கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வதற்குப் பெயர் பெற்றது. பழைய தாளிலிருந்து மை நீக்கிக் கூழ் எடுக்கும் பிரிவும் அங்கே உண்டு. காகித நார் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குட்டையாகும். அப்படியும் ஐந்து முதல் ஏழு முறை வரை திரும்பத் திரும்பப் பயன்படும் என்கிறார்கள். ஆனால், எண்ணெய் பட்ட தாளும் சாம்பார் ஊறிய தாளும் இந்தப் பயணத்துக்கே லாயக்கில்லை. எண்ணெய் கூழைக் கெடுத்துவிடும். ஈரத்தாள் பூஞ்சை பிடித்துவிடும். அட்டைப் பெட்டிக்கு ஒரு விலை, செய்தித்தாளுக்கு ஒரு விலை, வெள்ளைத் தாளுக்கு ஒரு விலை என்று எடை போடும் காயலான் கடையில், நனைந்து கலந்த தாளுக்கு விலையே கிடையாது.

பேப்பர் கப் என்று நாம் சொல்வதும் முழுக்க பேப்பர் இல்லை. டீ ஒழுகாமல் இருக்க உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அதனால்தான் 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்த 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலில், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் இடம்பிடித்தது. கடைகளில் கொடுக்கும் பளபளப்பான பில்லும் இதே ரகம்தான். வெப்பத்தால் எழுத்து தெரிவதற்காக ரசாயனம் பூசிய தாள் அது. அதைப் பழைய பேப்பரோடு சேர்க்கக் கூடாது.

சிப்ஸ் பாக்கெட்டின் கதை இன்னும் சிக்கல். பிளாஸ்டிக், அலுமினியம் என அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது. அந்த அடுக்குகளைப் பிரிப்பது லேசில் முடியாது. பெரும்பாலும் சிமென்ட் ஆலையின் சூளையில் எரிபொருளாகத்தான் அது முடிகிறது. அதற்கும்கூட உலர்ந்து இருந்தால்தான் உதவும். மாறாக, தண்ணீர் பாட்டிலுக்கு நல்ல மவுசு. அதை நறுக்கிச் சீவலாக்கி, உருக்கி, பாலியஸ்டர் நூலாக இழுக்கிறார்கள். இன்று குடித்துப் போட்ட பாட்டில் நாளை ஒரு டி-ஷர்ட் ஆகலாம். பாதி ஜூஸும் ஒரு சிகரெட் துண்டும் உள்ளே மிதக்காமல் இருந்தால்!

தொட்டிக்கு வெளியே காத்திருக்கும் வாய்

இதெல்லாம் எந்த ஊர் அலுவலகத்துக்கும் பொருந்தும் கணக்கு. ஐ.ஐ.டி வளாகத்தில் இந்தக் கணக்கில் இன்னொரு வரியும் சேர்கிறது. கட்டடத்துக்கு வெளியே மான் நிற்கிறது.

முதலில் வருவது குரங்கு. மூடியைத் திறப்பதிலும் முடிச்சை அவிழ்ப்பதிலும் நம்மைவிடக் கெட்டிக்காரன்! சோற்று வாசனை வரும் பையை இழுத்து, கிழித்து, வேண்டியதைத் தின்றுவிட்டு மீதியை அப்படியே சிதறவிட்டுப் போகும். காக்காயும் நாயும் தம் பங்குக்குக் கிளறும். அதன்பிறகு மெதுவாக வருகிறது மான். காட்டிலும் குரங்கு மரத்திலிருந்து உதிர்க்கும் பழத்தையும் தழையையும் கீழே நின்று தின்பது புள்ளிமானின் பழக்கம்தான். இங்கே உதிர்வது சாம்பார் பாக்கெட்.

மானுக்கு அது பிளாஸ்டிக் என்று தெரியாது. உப்புச் சுவை இருக்கிறது, உணவு வாசனை அடிக்கிறது. நக்கிப் பார்க்கிறது, விழுங்கிவிடுகிறது. மானும் மாட்டைப் போல அசைபோடும் விலங்கு. வயிறு நான்கு அறைகளாக இருக்கும். விழுங்கிய இலை தழை முதல் அறையில் தங்கி ஊறி, திரும்ப வாய்க்கு வந்து, மென்ற பிறகுதான் அடுத்த அறைக்கு நகரும். பிளாஸ்டிக் ஊறாது, கரையாது. அந்த முதல் அறையிலேயே தங்கி, அடுத்து வரும் பைகளோடு பின்னிப் பந்தாகிவிடும். வயிறு நிறைந்திருப்பதாக விலங்கு உணரும். உண்மையில் அதற்கு ஊட்டமே கிடைத்திருக்காது. சுற்றிலும் புல் இருக்கும். மான் மெலிந்துகொண்டே போகும்.

இது கற்பனை இல்லை. இந்த வளாகத்தில் இறந்த மான்களின் உடற்கூறாய்வில் வயிற்றுக்குள் பிளாஸ்டிக் இருந்தது தெரியவந்து, பத்திரிகைகளில் செய்தியாகியிருக்கிறது. மான்கள் இறப்பதற்கு நாய்க்கடி உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால், அவற்றில் எளிதாகத் தவிர்க்கக் கூடியது எது என்று கேட்டால், மேசைக்கு அடியில் கட்டப்பட்ட அந்த முடிச்சுதான். அந்த முடிச்சைக் கட்டியவர் மானுக்குத் தீங்கு நினைத்தவர் இல்லை. அதே மானைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பியவராகவும் இருக்கலாம்!

பிரிக்கும் கைகள்

அந்த முடிச்சை அவிழ்க்கும் இன்னொரு ஜோடிக் கைகளும் இருக்கின்றன. தூய்மைப் பணியாளர்களின் கைகள்.

அலுவலகம் நடத்துபவர்கள் பலரும், 'கலந்து போட்டால் என்ன, பின்னால் பிரித்துக்கொள்வார்களே' என்று நினைக்கிறார்கள். பின்னால் பிரிப்பது என்றால் என்ன என்று ஒருமுறை பார்த்தால் அப்படிச் சொல்ல வராது. எந்த வளாகத்திலும் குப்பை பிரிக்கும் கூடத்தின் வேலை ஒரே மாதிரிதான். பைகள் மேசை மேலோ தரை மேலோ கொட்டப்படும். சுற்றி நிற்பவர்கள், பெரும்பாலும் பெண்கள், ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அட்டை ஒரு பக்கம், பாட்டில் ஒரு பக்கம், கவர் ஒரு பக்கம் என்று வீசுவார்கள். உலர்ந்த குப்பை மட்டும் வந்தால் வேலை ஓடும். நேற்று மதியம் கட்டிய பார்சல் முடிச்சு இன்று காலை அவிழும்போது வரும் நாற்றத்தை எந்த முகக்கவசமும் தடுக்காது.

நாற்றத்தைவிட மோசமானது, கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது. உடைந்த கண்ணாடி, ஸ்டேப்ளர் பின், பிளேடு, ஊசி, துண்டு பேப்பரில்கூடச் சுற்றாமல் போட்ட நாப்கின். கையுறை இருந்தாலும் ஊசி அதைத் துளைத்துவிடும். பல்கலைக்கழகத்தில் ஆய்வகங்கள் இருப்பதால் அபாயம் இன்னும் அதிகம். ரசாயன பாட்டில்களும் உடைந்த கண்ணாடிக் குடுவைகளும் அலுவலகக் குப்பையோடு சேரவே கூடாதவை. அவற்றுக்கென்று தனிப் பெட்டி, தனி லேபிள், தனி வழி வேண்டும். லேபிள் இல்லாத ஒரு பாட்டிலுக்குள் என்ன இருந்தது என்று ஊற்றியவருக்குத் தெரியும். தூக்குபவருக்குத் தெரியாது.

சாம்பார் பாக்கெட்டை இலையிலிருந்து பிரித்துத் தனித் தொட்டியில் போடச் சாப்பிட்டவருக்குப் பத்து விநாடி ஆகும். அதையே மறுநாள் இன்னொருவர் செய்தால் அது அவருடைய ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளில் அவர் கையில் எத்தனை முறை பின் குத்துகிறது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை.

'வெளியே' என்றால் எங்கே?

பிரிக்க முடியாமல் போனது எங்கே போகும்? 'வெளியே' போகும் என்போம். தென்சென்னையில் 'வெளியே' என்பதற்கு ஒரு முகவரி உண்டு. பெருங்குடி.

ஐ.ஐ.டி-யின் தரமணி பக்கத்திலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் போனால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். மழைக்காலத்தில் தென்சென்னையின் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் இடம். வலசை வரும் பறவைகள் இறங்கும் இடம். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்து உலக முக்கியத்துவம் பெற்ற சதுப்பு நிலம். அதே சதுப்பின் ஒரு பகுதியில்தான் 1980-களிலிருந்து தென்சென்னையின் குப்பை கொட்டப்பட்டு மலையாக வளர்ந்தது. வடசென்னைக்குக் கொடுங்கையூர். நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேரும் மாநகரத்துக்கு இந்த இரண்டு மேடுகள்தான் போக்கிடமாக இருந்தன.

கலந்து கொட்டிய குப்பை சும்மா கிடக்காது. அடியில் காற்று புகாமல் உணவுக் கழிவு அழுகும்போது மீத்தேன் வாயு வரும். அது எளிதில் தீப்பிடிக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடி மேட்டில் பிடித்த தீயை அணைக்க நாள்கணக்கில் போராட வேண்டியிருந்தது. சுற்றுவட்டாரம் முழுக்கப் புகை. அந்த மேட்டைத் தோண்டி, சலித்து, மண்ணைத் தனியாகவும் பிளாஸ்டிக்கைத் தனியாகவும் பிரித்து நிலத்தை மீட்கும் வேலை இப்போது நடக்கிறது. 'பயோமைனிங்' என்று பெயர். யோசித்துப் பார்த்தால், முப்பது ஆண்டுகளுக்கு முன்பு யாரோ பத்து விநாடியில் பிரித்திருக்க வேண்டியதை, இன்று கோடிகளைக் கொட்டி இயந்திரம் வைத்துப் பிரிக்கிறோம்.

சட்டமும் சொல்கிறது

ஒரு நாளைக்கு சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உருவாக்கும் இடங்களை 'பெருமளவு கழிவு உருவாக்குவோர்' என்று 2016-ம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகைப்படுத்தின. பல்கலைக்கழகங்களும் இதில் அடக்கம். உருவாகும் இடத்திலேயே பிரிக்க வேண்டும். மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும். மறுசுழற்சிக்கு உகந்ததை அதற்குரியவர்களிடம் கொடுக்க வேண்டும். அந்த விதிகளுக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என அறிவிக்கப்பட்ட புதிய விதிகள், ஈரக்குப்பை, உலர்குப்பை, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன.

கழிவே இல்லாத வளாகம் என்ற இலக்கை ஐ.ஐ.டி மெட்ராஸும் கையில் எடுத்திருக்கிறது. இங்குள்ள இந்தோ-ஜெர்மன் நிலைத்தன்மை மையம் ஒருபடி மேலே போய், மின்னணுக் கழிவை விற்பவர்களையும் வாங்குபவர்களையும் இணைக்கும் 'இ-சோர்ஸ்' என்ற இணையச் சந்தையை உருவாக்கும் முயற்சியில் இறங்கியது. பழுதான கம்ப்யூட்டரைக் குப்பையாகப் பார்க்காமல், உதிரிபாகமாகவும் உலோகமாகவும் பார்க்க வைக்கும் யோசனை.

இந்த யோசனையின் அருமை அரசு அலுவலகங்களையும் கல்லூரிகளையும் பார்த்தவர்களுக்குப் புரியும். பல இடங்களில் வராந்தாவின் கடைசியில், செத்துப்போன மானிட்டர்களும் சி.பி.யு-க்களும் தூசி படிந்து அடுக்கியிருக்கும். தூக்கிப் போடவும் முடியாது, விற்கவும் முடியாது. 'கண்டம்' செய்வதற்கான ஃபைல் மேசை மேசையாக நகர வேண்டும். அது நகர்வதற்குள் உள்ளே இருக்கும் நல்ல பாகமும் வீணாகிவிடும். 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, இவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். தெருவில் செம்புக்காக வயரை எரிப்பவரிடம் போனால், அந்தப் புகை யார் வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள் போகும் என்று சொல்ல முடியாது.

தொட்டியைத் தூக்கினால் பழக்கம் மாறும்

விதி இருக்கிறது, நோட்டீஸ் ஒட்டியாயிற்று, மூன்று கலரில் தொட்டியும் வைத்தாயிற்று. அப்படியும் கலப்பது ஏன்?

காரணம் சோம்பல் மட்டும் இல்லை. மேசைக்கு அடியிலேயே ஒரு தொட்டி இருந்தால் கை அதற்குத்தான் போகும். எது எதில் போட வேண்டும் என்ற கேள்வியே எழாது. அதனால்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மேசைத் தொட்டியையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, காபி டம்ளர் அளவில் ஒரு குட்டிப் பெட்டி. அது நிறைந்தால் உரியவரே எழுந்து போய் வராந்தாவில் வரிசையாக வைத்திருக்கும் தொட்டிகளில் பிரித்துப் போட வேண்டும். தாள் மட்டும் மேசையருகே தனி அட்டைப் பெட்டியில் சேரும். எழுந்து நடக்க வேண்டும் என்றதுமே குப்பையும் குறைகிறது, கலப்பதும் குறைகிறது.

தொட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதும் முக்கியம். 'மக்கும் குப்பை', 'மக்காத குப்பை' என்று எழுதினால் படித்தவர்களே குழம்புகிறார்கள். தாளும் மக்கும்தானே என்று சாம்பார் இலையோடு போட்டுவிடுவார்கள். 'சாப்பாடு, இலை, டீத்தூள்' என்றும், 'தாள், அட்டை' என்றும், 'பாட்டில், கவர்' என்றும் எழுதி, படத்தையும் ஒட்டினால் சந்தேகம் வராது. மூடி முக்கியம். குரங்கு இருக்கும் வளாகத்தில் தாழ்ப்பாள் போட்ட மூடி மிக முக்கியம். சாப்பாட்டுக் குப்பை இரவு முழுக்கக் கட்டடத்துக்கு வெளியே தங்கவே கூடாது.

இந்த வளாகத்தில் இயற்கையே ஒரு உதவியும் செய்கிறது. மரங்கள் ஆண்டு முழுக்கச் சருகை உதிர்க்கின்றன. சோற்றுக் கழிவு மட்டும் இருந்தால் அழுகி நாறும். சருகு மட்டும் இருந்தால் மக்கப் பல மாதம் ஆகும். இரண்டையும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் பார்த்து, அவ்வப்போது கிளறிவிட்டால் சுமார் இரண்டு மாதத்தில் மண்வாசனையோடு உரம் தயார். ஆனால், அந்தக் குவியலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன் இருந்தால்கூட, உரம் ஆன பிறகு யாராவது உட்கார்ந்து சலித்துத்தான் எடுக்க வேண்டும். மறுபடியும் அதே கைகள்!

நாளைக்கே தொடங்கலாம்

நாம் எல்லோரும் மான் உலாவும் இடத்தில் வேலை பார்க்கவில்லை. ஆனால், தெருவில் மாடு இருக்கிறது. அதன் வயிறும் நான்கு அறைதான். உங்கள் அலுவலகத்தில் நாளைக் காலையே செய்யக் கூடியவை இவை:

* உங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டி வையுங்கள். அதில் உலர்ந்த தாள் மட்டும். ஒரு பக்கம் காலியாக இருக்கும் தாளைத் தனியே எடுத்து நோட்டாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

* டீக்கு ஒரு டம்ளரோ மக்கோ வீட்டிலிருந்து கொண்டு போங்கள். ஒரு நாளைக்கு இரண்டு டீ என்றாலும் ஆண்டுக்கு 500 கப்புக்கு மேல் மிச்சம்.

* பார்சல் சாப்பிட்டால் முடிச்சுக் கட்டாதீர்கள். இலையும் சோறும் ஒரு தொட்டிக்கு, கவர் அலசிய பிறகு இன்னொன்றுக்கு.

* பேட்டரி, டோனர், பழைய சார்ஜர் மூன்றையும் பொதுத் தொட்டியில் போடாதீர்கள். அலுவலகத்துக்கு ஒரு பொதுப் பெட்டி வைத்துச் சேர்த்து, பதிவு பெற்ற நிறுவனத்திடம் கொடுங்கள்.

* கண்ணாடியும் பிளேடும் தடிமனான அட்டையில் சுற்றி, மேலே பெரிதாக 'கண்ணாடி' என்று எழுதிக் கொடுங்கள்.

* உங்கள் தளத்தைச் சுத்தம் செய்யும் அம்மாவிடம், எது கலந்து வந்தால் அவருக்குக் கஷ்டம் என்று ஒருமுறை கேளுங்கள். எந்த நோட்டீஸையும்விட அந்தப் பதில் பயன்படும்.

ஒரு வேண்டுகோள்

ஐ.ஐ.டி வளாகத்துக்குள் நினைத்தபோதெல்லாம் நுழைந்துவிட முடியாது. சாரங், சாஸ்த்ரா போன்ற மாணவர் விழாக்களுக்கும், பொதுமக்களுக்குத் திறந்துவிடும் சிறப்பு நாள்களுக்கும் குடும்பத்தோடு போகும் வாய்ப்பு கிடைக்கும். கிடைத்தால் தவறவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு ஆய்வகங்களையும் காட்டலாம், மான்களையும் காட்டலாம்.

பையில் தண்ணீர் பாட்டிலும் தின்பண்டமும் இருந்தால் தப்பில்லை. மானுக்கு எதையும் நீட்டாதீர்கள். பிஸ்கட்டும் வேண்டாம், பழமும் வேண்டாம். மனிதக் கையில் சாப்பாடு இருக்கிறது என்று ஒருமுறை பழகிவிட்ட மான், அடுத்து மனிதர் போட்ட பையிலும் தேடும். காலியான கவரை அங்கிருக்கும் தொட்டி நிரம்பி வழிந்தால் அதன் மேல் வைத்துவிட்டு வராதீர்கள். பைக்குள் வைத்து வீட்டுக்கே கொண்டு வந்துவிடுங்கள்.

சாயங்காலம் கட்டடங்களில் விளக்கு ஒவ்வொன்றாக அணையும். கஜேந்திரா சர்க்கிளிலிருந்து வளாக பஸ் வாயிலை நோக்கிக் கிளம்பும். ஆள் நடமாட்டம் குறைந்ததும் மரத்தடி இருட்டிலிருந்து மான்கள் சாலைக்கு வரும். நாம் விட்டுப் போனதை அவை முகர்ந்து பார்க்கும் நேரம் அது. அப்போது தொட்டி மூடியிருக்கிறதா, அதற்குள் என்ன இருக்கிறது என்பதை மதியம் ஒரு மணிக்கே நாம் முடிவு செய்துவிடுகிறோம்.